அட்ராசிட்டி, விலை நாற்பது

தராசுக்கு நான் நாற்பது தர வேண்டியிருந்தது. ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையின் விலை அது. கேட்டு வாங்கிய கடன் இல்லை, கேட்காமல் எடுத்தது.

ஒரு காசு பாக்கி வைத்தாலும் தூக்கம் வராத ஆள் நான். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்கிற மாதிரி தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு போதும் என்று முடிவு செய்தவன். ஒரு கரிப் பெட்டியும் மூன்று கால் மேசையும் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் துணி தேய்க்க ஆரம்பித்தேன். நாலாவது காலுக்குச் செங்கல். இன்று சலவைக் கடை மூன்று, நீராவி இயந்திரம் இரண்டு, முதல் கடையில் மட்டும் ஆட்கள் ஒன்பது பேர். ஊரில் யாராவது மடிப்புக் கலையாமல் நடந்து போனால் அந்த மடிப்பு என்னுடையது.

ஆனால் இது என் கதை இல்லை, தராசின் கதை. என் பெருமையை நடுவில் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல வழி இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகர அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டைப் மிஷினில் இங்கிலீஷ் மனு அடித்துக் கொடுப்பவர் அவர். சட்டைப் பையின் மேல் ஒரு பித்தளை வில்லை குத்தியிருப்பார். அது இருந்தால்தான் அங்கே உட்காரலாம். அடித்த மனுவின் அடியில் அந்த வில்லை எண்ணைப் போட்டு, எழுத்துக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்தும் போடுவார். அவரிடம் இருந்தவை மூன்று வெள்ளைச் சட்டைகள். மூன்றும் என் கடைக்குத்தான் வரும். "காலருக்குக் கஞ்சி போடுங்க, கைக்கு வேண்டாம். சுருட்டி விட்டுக்கணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். இருபத்தாறு வருஷமாகக் கைக்குக் கஞ்சி போடாத எனக்கு அதைப் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

மற்ற மனுக்காரர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். இவர் வார்த்தையை எடை போட்டு விலை சொல்வார். அதனால்தான் தராசு என்று பெயர். அவர் தலைக்கு மேல் சுவரில் இங்கிலீஷில் எழுதிய ஒரு அட்டை தொங்கும். சாதாரண வார்த்தை எல்லாம் சேர்த்து ஒரு மனுவுக்கு ஐந்து. கஷ்டத்தைச் சொல்கிற வார்த்தைக்கு மட்டும் தனி விலை. ப்ராப்ளம் ஒன்று. நியூசன்ஸ் மூன்று. ஹராஸ்மெண்ட் பன்னிரண்டு. க்ரூவல்ட்டி இருபத்தைந்து. கடைசி வரியில், தடித்த எழுத்தில், அட்ராசிட்டி நாற்பது.

காசு கொடுத்தால் எந்த வார்த்தையும் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி அவர் கேள்வி கேட்பார். ஒருநாள் என் கண்ணெதிரே ஒருவன் மாமியார் மேல் க்ரூவல்ட்டி போட வேண்டும் என்று வந்து நின்றான்.

"அடிச்சாங்களா?"

"இல்லண்ணே."

"பட்டினி போட்டாங்களா?"

"மூணு வேளையும் போடறாங்க. அதுதான் பிரச்சினையே. எதுலயும் உப்பு இல்ல."

"அப்ப ப்ராப்ளம். ஒண்ணு எடு."

இன்னொரு நாள் நானே அவரிடம் கேட்டேன். "ஏன் தராசு, வீட்டுல பேரப் பிள்ளை மேசை மேல ஏறினா அட்ராசிட்டிங்கறாங்க. மச்சான் ரெண்டாம் தடவை சோறு கேட்டா அட்ராசிட்டிங்கறாங்க. தெருவுல ஓசியில கிடைக்கறதுக்கு நீங்க நாற்பது கேக்கறீங்களே?"

"வாயில வர்றதுக்குக் காசு இல்ல முதலாளி. யாரும் எப்படியும் பேசிக்கலாம். தாள்ல ஏறினாத்தான் எடை."

"அப்படி என்னதான் அர்த்தம்?"

அவர் மிஷினிலிருந்து கையை எடுத்தார். "ஈவு இரக்கமே இல்லாம மனுஷன் மனுஷனுக்குச் செய்யறது. சும்மா கொடுமை இல்ல. கேட்டவன் அன்னைக்குச் சாப்பிட மாட்டான், அப்படிப்பட்ட கொடுமை. இருபத்தாறு வருஷத்துல ரெண்டே தடவை அடிச்சிருக்கேன். ரெண்டுக்கும் காசு வாங்கல."

"வாங்காத காசுக்கு எதுக்கு விலை?"

"விலை எழுதலைன்னா ஆளாளுக்கு அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க."

நான் சிரித்தேன். அள்ளிக்கொண்டு போகப் போகிறவன் நானே என்று அப்போது தெரியாது.

என் முதல் கடைக்கு மேல்மாடியில் ஒரு பேண்டு வாத்தியக் குழு வாடகைக்கு வந்தது. எட்டுப் பேர். அதில் ஏழு பேர் ஊதுவார்கள். ஒருவன் எருமைக் கன்று உள்ளே படுக்கிற அளவுக்கு ஒரு டிரம் வைத்திருந்தான். அவன் ஒரு அடி அடித்தால் என் கூரையிலிருந்து ஒரு பிடி சுண்ணாம்பு உதிரும். கீழே என்ன இருந்தது? பெரிய ஹோட்டல் ஒன்றின் படுக்கை விரிப்புகள். ஊரில் எத்தனையோ பேர் கெஞ்சியும் கிடைக்காத வேலை அது; கெஞ்சாமல் எனக்குக் கிடைத்தது. சரி, கொஞ்சம் கெஞ்சினேன். அந்த ஹோட்டல் மேனேஜர் போன் செய்து, "விருந்தாளிங்க முதுகெல்லாம் வெள்ளையா எழுந்திரிக்கறாங்க. இன்னொரு தடவை நடந்தா வேற கடை பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

மேலே போய்ப் பேண்டு மாஸ்டரிடம் சொன்னேன். "மெதுவா அடிங்கப்பா."

"மெதுவா அடிச்சா அது டிரம் இல்லண்ணே, கதவு தட்டறது" என்றார் அவர்.

நேராகத் தராசிடம் போனேன். அவர் என் வாய்ப்பேச்சை மட்டும் நம்பவில்லை. கடைக்கு வந்து பார்த்தார். விரிப்பு மடிக்கும் மேசை பக்கத்தில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தார். மேலே புதுப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. எழுந்தபோது அவர் தலை முழுக்க வெள்ளை. ஏற்கெனவே வெள்ளைதான், இன்னும் வெள்ளை.

"நியூசன்ஸ்" என்றார். "மூணு."

"மூணா! என் பிழைப்பே போகுது தராசு! அந்த நாற்பதைப் போடுங்க. காசு நான் தர்றேன், உங்களுக்கென்ன?"

"ரத்தம் எங்கே?"

"ரத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?"

"வரலைன்னா நியூசன்ஸ்தான். டிரம் கொஞ்சம் பெரிசுங்கறதால வேணும்னா கூட ஒரு 'வெரி' போடறேன். அதுக்குக் காசு வேண்டாம்."

மனுவை அடித்து, வில்லை எண் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எட்டு கொடுத்தேன். அடுத்த ஆள் வருவதற்குள் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நான் அட்டைக்கு எதிரே தனியாக நின்றேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இதை ஊரில் ஒருவரும் அறிய மாட்டார்கள் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். கோட்டு வந்தால் கழுத்துப் பட்டியைத் திருப்பி, கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இதுக்கு வெந்நீர் ஆகாது" என்பேன். ஆட்கள் வாயைப் பிளப்பார்கள். நான் படித்தது எழுத்தை இல்லை. அதில் போட்டிருக்கும் தொட்டிப் படத்தையும் கோடுகளையும். காலையில் இங்கிலீஷ் பேப்பர் விரித்து வைத்துப் படம் பார்ப்பேன். அது கடையின் கௌரவத்துக்காக.

படிக்கத் தெரியாவிட்டாலும் வரையத் தெரியும். ஐம்பது வருஷம் துணியில் குறி போட்ட கை. எந்தக் குறியையும் ஒருமுறை பார்த்தால் அச்சாக இறக்குவேன். அட்டையின் கடைசி வரியை ஒரு துண்டுத் தாளில் இறக்கிக்கொண்டேன். படியேறும்போது நடுவில் உட்கார்ந்து, மனுவின் மேல்பக்கம், அடிக்கோடு போட்ட 'பொருள்' வரியில் தராசு அடித்திருந்ததை எங்கள் அழியாத சலவை மையால் ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே அந்த வார்த்தையைப் போட்டேன். என்ன அழகு தெரியுமா! அடித்த எழுத்துகூட அதன் பக்கத்தில் சப்பென்று இருந்தது.

பக்கத்தில் இருந்த நாற்பதையும் சேர்த்துத்தான் போட்டேன். அது விலை என்று எனக்குத் தெரியும். நான் மடையன் இல்லை. ஆனால் சலவைத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: குறி மட்டும் போட்டு எண் போடாத துணி வீடு போய்ச் சேராது. குறியும் எண்ணும் ஜோடி. அதோடு, இது ஒன்று, மூன்று விலைக்காரன் மனு இல்லை, நாற்பது விலை மனு என்று உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியட்டுமே என்று நினைத்தேன்.

மனு வாங்கும் குமாஸ்தா பொருள் வரியை மட்டும்தான் படிப்பான். நியூசன்ஸ் என்றால் மூலையில் இருக்கும் கூடைக்குள் போகும்; அந்தக் கூடை நிரம்பினால்தான் யாராவது பார்ப்பார்கள். அட்ராசிட்டி என்றால் எழுந்து ஓட வேண்டும் என்பது அங்கே விதி. அவன் என் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எழுந்து ஓடினான். இதற்குத்தான் நாற்பது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் கடை வாசலில் நகர அலுவலகத்தின் பெரிய வண்டி வந்து நின்றது. பின்னால் ஆம்புலன்ஸ். அதற்குப் பின்னால், வாடகைக்குப் பிடித்த ஒரு பஸ். அதிகாரி அம்மா இறங்கினார். கூடவே டாக்டர், போட்டோக்காரர், ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர்.

"எங்கே நாற்பது பேரும்?" என்றார் அந்த அம்மா.

"யாரும்மா நாற்பது பேர்?"

"மனுவுல இருக்கே. நாற்பது அட்ராசிட்டி!"

கையால் மேலே காட்டினேன். அவ்வளவுதான், மொத்தப் பேரும் ஸ்ட்ரெச்சரோடு மாடிக்கு ஓடினார்கள். பேண்டில் ஊதுகிற ஏழு பேரும் சுவரோடு சுவராகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்களாம். டிரம்காரன் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று டாக்டர் டிரம்மைத் தட்டிப் பார்த்தார். இத்தனை பேர் ஓடிய ஓட்டத்தில் என் கூரையில் மிச்சம் இருந்த சுண்ணாம்பு முழுக்க ஒரே அடியாகப் பொத்தென்று விழுந்தது. மாவு மில்லில் நிற்கிற மாதிரி நாங்கள் பத்துப் பேரும் நின்றோம். டாக்டர் இறங்கி வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். மூத்த தேய்ப்புக்காரனின் சுண்டு விரலில் காலையில் பட்ட சூடு இருந்தது. அதற்குக் கட்டுப் போட்டார். அன்றைய மொத்த அட்ராசிட்டியும் அந்தச் சுண்டு விரல்தான்.

அதிகாரி அம்மா மனுவை நீட்டினார். "இதை எழுதினது யாரு?"

என் ஒன்பது ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேண்டுக்காரர்கள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "மனு அடிச்சுக் குடுத்தவர்தாங்க."

அந்த ஒரு வரியைத்தான் இன்றும் நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

அன்று மதியமே தராசின் வில்லையைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். ஏழு நாளில் விளக்கம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேசை வேறு ஆளுக்குப் போகும். அந்த மேசை போனால் அவருக்கும், அவரோடு இருக்கும் அக்காவுக்கும் வேறு வருமானம் இல்லை.

வீட்டில் மனைவி சும்மா இருப்பாளா?

"ஏங்க, அந்த மனுஷன் கையெழுத்து நமக்குத் தெரியாதா? கொசு செத்துக் கிடக்கற மாதிரி இருக்கும். இது நம்ம துணிக் குறி மாதிரி இருக்காமே. பேண்டுக்காரர் சொன்னாரு."

"எனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"கல்யாணம் ஆன புதுசுல ஹோட்டலுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் மெனு அட்டையைத் தலைகீழா பிடிச்சு 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு'ன்னீங்களே, அன்னைக்கே தெரியும். போய் உண்மையைச் சொல்லுங்க. இல்ல, இனிமே உங்க சட்டையை நீங்களே தேச்சுக்கங்க." நான் சலவைக் கடைக்காரன் என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் தராசைப் பார்க்கப் போனேன். மிஷின் மேல் துண்டு போர்த்தி, வில்லை இல்லாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வில்லை குத்தியிருந்த இடத்தில் இரண்டு சின்னத் துளைகள்.

"ஆயுசுக்கும் உங்க துணி இலவசம் தராசு" என்றேன். "சட்டை, வேட்டி, போர்வை, எதுவானாலும்."

"வேண்டாம். நாற்பது பாக்கி. அதைக் குடுங்க போதும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு நீங்க சொல்லிக் குடுக்கணும். அப்பத்தான் வாங்குவேன்."

அவருக்குத் தெரியும்! சலவை மையும், கூட ஒட்டிக்கொண்டு போன விலையும் வேறு யாரைக் காட்டும்? "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"மனு குடுக்கறவங்க விஷயத்தை நான் வெளியில சொல்றதில்ல. அது தொழில்." பிறகு குரல் மாறியது. "முதலாளி, இந்த ஊருக்கு அந்த வண்டி ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்கு அது உங்க சுண்ணாம்பப் பாக்க வந்தப்ப, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணை உள்ள போட்டுப் பூட்டி ரெண்டு நாளா தண்ணி குடுக்காம வெச்சிருந்தாங்க. காலையில நான்தான் மனு அடிச்சேன். க்ரூவல்ட்டி. வண்டி போய்ச் சேர சாயங்காலம் ஆயிடுச்சு."

"பொண்ணு?"

"பொழைச்சுக்கிட்டா. வண்டிய நம்பாம ஜன்னலை உடைச்சு அவளே குதிச்சுட்டா. கால்ல சுளுக்கு."

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றும் மறுநாளும் இங்கிலீஷ் பேப்பரை விரிக்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றேன். இடி விழுந்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூத்த தேய்ப்புக்காரன் விரல் கட்டைச் சொறிந்துகொண்டே, "அதான் எட்டு வருஷமா தெரியுமே முதலாளி. போன வாரம்கூட பேப்பரைப் பழசு மாத்தி வெச்சோம், ரெண்டு நாள் அதையே படிச்சீங்க" என்றான். இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவன் நான்.

அலுவலகத்தில் தராசு ஒரு ஓரமாக நின்றிருந்தார். அதிகாரி அம்மா முன்னால் போய், "அந்த வார்த்தையை எழுதினது நான்தாங்க. அவர் அடிச்சது நியூசன்ஸ். அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கவே தெரியாது" என்றேன்.

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதுன்னு சொல்றீங்களே. எப்படி எழுதுவீங்க?"

"எழுதலைங்க. வரைஞ்சேன்."

"அவரைக் காப்பாத்தப் பாக்கறீங்களா? எங்கே, வரைங்க பாப்போம்" என்று வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

பையிலிருந்து சலவைப் பேனாவை எடுத்தேன். அட்டையைப் பார்க்காமல், ஒரு மூச்சில் இறக்கினேன். முடிவில் நாற்பதையும் போட்டு, பழக்க தோஷத்தில் மை காய ஊதியும் விட்டேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"நாற்பது எதுக்கு?"

"எண் போடலைன்னா துணி தொலைஞ்சுடும்மா."

அந்த அம்மா பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். குமாஸ்தா சிரித்தான். தராசு மட்டும் சிரிக்கவில்லை. பிறகு அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டி, பஸ் வாடகை இரண்டும் என் தலையில் என்று எழுதினார். சிரித்த வாயால் அவ்வளவு பெரிய தொகையைச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. வில்லை தராசு கைக்கு வந்தது. அதே இரண்டு துளைகளில் அதைக் குத்திக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரோடு எல்லோரும் மாடிக்கு ஓடிய அன்றோடு சுண்ணாம்பு உதிர்வதும் நின்றுவிட்டது. உதிர இனி ஒன்றும் கூரையில் இல்லை. ஹோட்டல் விரிப்பு இன்றைக்கும் என்னிடம்தான்.

மாடிப்படி இறங்கி மேசைக்கு வந்ததும் தராசு துண்டை எடுத்து மடித்து வைத்தார். கையை நீட்டினார்.

"எதுக்குன்னு சொல்லுங்க" என்றார்.

"அட்ராசிட்டிக்கு. கேக்காம எடுத்தேன். நடக்காததுக்குப் போட்டேன்."

"சரி. நிஜமா நடந்ததுக்குக் காசு வாங்க எனக்கு மனசு வராது. நடக்காததுக்குக் கட்டாயம் வாங்கணும்." கையை மடக்கவில்லை. "எண்பது."

"நாற்பதுதானே?"

"மேலே இன்னொரு தடவை வரைஞ்சீங்களே. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

"அது அந்தம்மா வரையச் சொன்னது!"

"அவங்க சொன்னாங்க. வார்த்தை என்னுது."

பேரத்தில் என்னை வென்றவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். மடியை அவிழ்த்தேன். விரித்திருந்த அந்த உள்ளங்கையில், மிஷின் மை ஏறிய ரேகைகளின் மேல், பத்துப் பத்தாக வைத்துக்கொண்டே வந்தேன். பத்து, இருபது, முப்பது, நாற்பது. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது.